இடது மேல் முரசு

1974இல் டொக்டர் கைலாசநாதனின் வாய்ப்புற்றுநோய்ச் சோதனைக் குழுவில் அட்டை எழுதுவது என் வேலை. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அருகே ஓர் அறை. விஞ்ஞானப் பட்டதாரிக்கு இது போதுமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் போதும். அட்டைகளோடு பேச வேண்டியதில்லை.

அட்டையின் விளிம்பெல்லாம் துளைகள். ஊர், வெற்றிலைப் பழக்கம், புண் உள்ள இடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. நோயாளிக்குப் பொருந்தும் துளையை விளிம்புவரை வெட்டிவிடுவேன். அட்டைகளை அடுக்கி, ஒரு துளையில் பின்னல் ஊசியைச் செருகித் தூக்கினால், அந்த இடத்தில் வெட்டியவை மட்டும் விழும்.

அனலைதீவில் ஒன்பது பெண்களின் புண்ணிலிருந்து சதைத்துண்டு எடுத்தோம். திரும்பும்போது வள்ளத்துக்குள் அலை அடித்தது. போத்தல்களில் டொக்டர் பென்சிலால் எழுதிய, புண் இருந்த இடம் அழியாமல் நின்றது. நான் மையால் எழுதிய பெயர் கரைந்துவிட்டது. கொழும்பிலிருந்து முடிவு வந்தது. எட்டில் பயமில்லை. ஒன்று புற்றுநோய், ஆரம்ப நிலை, இடது மேல் முரசு, அதாவது பல் ஈறு.

யாருடையது? ஒன்பது அட்டைகளையும் அடுக்கி, இடது மேல் முரசுத் துளையில் ஊசியைச் செருகித் தூக்கினேன். ஒன்றும் விழவில்லை. உலுக்கினேன். அப்போதும் இல்லை.

உதவியாளர் லியோன் அண்ணை, ஒன்பது பேரையும் கூப்பிடலாமே என்றார். எட்டுப் பேரைச் சும்மா அழவைத்தால் பிறகு அந்த ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றார் டொக்டர்.

அனலைதீவில் அன்று நான் இருந்த விதத்தை நினைத்துப் பார்த்தேன். பெண்களுக்கு எதிரே இருந்தேன். முகத்தைப் பார்க்கக் கூச்சம். அவர்கள் கன்னத்தில் கை வைத்துப் புண்ணைக் காட்ட, அது என் எந்தக் கைப் பக்கம் என்று பார்த்து வெட்டியிருக்கிறேன். அவர்களின் இடது எனக்கு வலது.

ஊசியை வலது மேல் முரசுக்கு மாற்றினேன். ஓர் அட்டை விழுந்தது. சின்னத்தங்கம், வயது 45.

டொக்டரிடம் சொன்னேன்.

"ஒன்பதும் மாறியோ?"

"ஓம், சேர்."

"அப்ப நல்லது. ரண்டு மூண்டு மாத்திரம் மாத்தியிருந்தீரெண்டால்தான் கஷ்டம்."

சொல்லியனுப்பினோம்; மறுநாள் சின்னத்தங்கம் வாய் நிறைய வெற்றிலையோடு எங்களிடம் வந்தார். டொக்டர் துப்பச் சொல்லிப் பார்த்தார். இடது மேல் முரசில் வெள்ளைப் புண் இருந்தது. உடனே கொழும்புக்குப் போக வேண்டும் என்றதும் அவர் என்னிடம்தான் கேட்டார்.

"பிள்ளை, நான் திரும்பி வருவனோ?"

முகத்தைப் பார்த்தேன். "இப்ப வெளிக்கிட்டால் வருவியள், அக்கா."

"அப்ப ஆட்டைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டு வாறன்."

ஆறு மாதத்துக்குப் பின் சோதனைக்கு வந்தார். ஒரு கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது; குரல் குறையவில்லை. புண் இல்லை என்றார் டொக்டர். சின்னத்தங்கம் எழும்பவில்லை. வாசலில் நின்ற நாலு பெண்களை உள்ளே கூப்பிட்டார்.

"வெத்திலைப் பெட்டியளைப் பறிச்சுப்போட்டுத்தான் கூட்டியந்தனான். முதல் இவவைப் பாருங்கோ டொக்டர், இவதான் ஓடப் பாக்கிறா."