மூன்றாவது தட்டு

பொன்னுரங்கத்துக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் உயிர். நாற்பது வயது வரைக்கும் அது அவனுக்குக் கிடைக்கவில்லை. ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டின சந்தில் ஹபீபுல்லா சாயபுவின் பட்டறை இருந்தது. லாஞ்சு, விஞ்சு, லேத்து, எது ஒடிந்து வந்தாலும் ரிப்பேர் செய்வார்கள். பொன்னுரங்கத்துக்கு விதித்தது பட்டறைக்கு வெளியே. கப்பல் வயிற்றில் சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துருத் தட்டுகிற கும்பலில் அவன் ஒருத்தன். மேலே வெயில், கீழே எண்ணெய் மிதக்கிற தண்ணீர், மூக்கெல்லாம் துரு. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் செம்மண் சேறுதான் வரும்.

பட்டறைக்குள்ளே மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜையும் ஒரு முக்காலியும் உண்டு. டிமெல்லோ துரை என்கிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் அதில் உட்கார்ந்திருப்பார். மிஷினில் இழைத்த இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். அதைக் கையால் சுரண்டிச் சமப்படுத்துவது அவர் வேலை. சமமான ஒரு தட்டில் நீல மையை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசுவார். சுரண்ட வேண்டிய இரும்பை அதன்மேல் கவிழ்த்து ஒரு தேய் தேய்ப்பார். எடுத்துப் பார்த்தால் மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். பழைய அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியால் அந்த நீலத்தை மட்டும் வழிப்பார். மறுபடி பூச்சு, மறுபடி தேய்ப்பு, மறுபடி வழிப்பு. இரும்பு முழுக்க நீலம் பொடிப்பொடியாகப் பரவுகிற வரைக்கும் இதேதான். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். பொன்னுரங்கத்துக்கு மட்டும் எச்சில் ஊறும். வேலையைப் பார்த்து இல்லை, முக்காலியைப் பார்த்து.

வெள்ளைக்காரன் போன நாலைந்து வருஷத்தில் துரையும் சீமைக்குக் கப்பலேறத் தயாராகிவிட்டார். சேதி தெரிந்த அன்றிலிருந்து பொன்னுரங்கம் சாயபுவை நச்சரித்து நச்சரித்து உள்ளே வந்து சேர்ந்தான். தனியாக வந்தால் யாரை ஏவுவது? பெண்டாட்டியின் தம்பி எத்திராஜையும் இழுத்துக்கொண்டு வந்தான். துரை இரண்டு பேருக்கும் சுரண்டி பிடிக்கக் கொஞ்சம் காட்டிக்கொடுத்தார். தன் தட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரே அளவில் மூன்று தட்டு வார்ப்பித்து, இழைத்து வாங்கி வைத்தார்.

"மூணையும் ஒண்ணோட ஒண்ணு மாத்தி மாத்தித் தேச்சு சுரண்டணும், மேன். மூணும் வோணும்," என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

பொன்னுரங்கம் சிரித்தான். "ஆளு ரெண்டு பேரு, தட்டு எதுக்குடா மூணு? தொரைக்கு எண்ணத் தெர்ல."

உபரியாகக் கிடக்கிற இரும்பைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. மூன்றாவது தட்டைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் பெண்டாட்டி மலிகா காசிமேட்டில் மீன் வாங்கி உப்புப் போட்டுக் கருவாடு விற்கிறவள். உப்புத் தொட்டியில் மீன் மேலே மிதக்காமல் அழுத்தப் பாரம் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா, சீமைத் தட்டு. ராணி வூட்லகூட இப்டி ஒண்ணு கெடையாது," என்றான்.

சாயபு கேட்டபோது, "தொரை எட்த்துகினு பூட்டாரு மொதலாளி. அந்தாளு கையி அப்டி," என்றான். கப்பலேறினவனைப் பற்றி எதையும் சொல்லலாம். மறுத்துப் பேச அவன் திரும்பி வரவா போகிறான்?

எத்திராஜுக்கு எல்லாம் தெரியும். அக்கா வீட்டுத் தொட்டியில் தட்டைப் பார்த்தவன்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அக்காள் புருஷனுக்கு எதிரே பீடிகூடப் பிடிக்க மாட்டான். மாமா வருவது தெரிந்தால் எரிகிற பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான். மாமா உட்கார்ந்தால் இவன் நிற்பான்.

மீதி இருந்தது இரண்டு தட்டு. ஆளுக்கு ஒன்று. பொன்னுரங்கம் தன் தட்டை முதலில் கொஞ்சம் சுரண்டினான். முக்காலியை விட்டு எழுந்திருக்காமல், தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, கைக்கு எட்டின ஓரங்களை எல்லாம் வழித்தான். நடுவுக்குக் குனிய வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டான். பிறகு மேலே பிறை பிறையாகக் கீறி அழகு பார்த்தான். பார்வைக்குத் துரையின் தட்டு மாதிரியே மின்னியது.

அப்புறம் இரண்டையும் தேய்த்துப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. இரண்டு இரும்பு உரசினால் மேடு எதில் என்று இரும்பு சொல்லாது. ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். பொன்னுரங்கம் ஒரு நொடியில் முடிவு செய்தான்.

"புளூவ என் தட்டுல பூசு. உன்த மேல போட்டுத் தேய். எங்க ஒட்டிகினு கீதோ அங்க நீ சொரண்டு."

"ஒருவாட்டி என்துல பூசி உங்கள்த தேச்சிப் பாக்கலாமா மாமா?"

"இன்னாடா பேச்சு இது? பொண்ணு குட்த்த வூட்டுக்காரன் எறங்கி வருவானா, கட்னவன் எறங்கி வருவானா? சொரண்டுடா."

எத்திராஜ் சுரண்டினான். மாதக்கணக்கில் சுரண்டினான். மாமாவின் தட்டு எப்படி இருந்ததோ அதற்கு ஏற்ற மாதிரி தன் தட்டை வளைத்துக் கொடுத்தான். கடைசியில் இரண்டையும் சேர்த்தால் நடுவே காற்றுப் புகாது. முழுக்க நீலம். பொன்னுரங்கம் சாயபுவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாருங்க மொதலாளி. சட்டைக்காரன்கூட இந்த மாரி பண்ணதில்ல."

சாயபு இரும்பு வியாபாரி. எடையைத் தவிர இரும்பைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது. தட்டைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்," என்றார்.

"சரி பொன்னுரங்கம். அந்தப் பழைய லேத்து ஸ்லைடச் சொரண்டி ஓடவுடு. ஒயுங்கா ஓடுச்சுன்னா நீதான் இங்க மேஸ்திரி."

அன்றைக்கே பொன்னுரங்கம் தண்டையார்பேட்டை வரைக்கும் போய்ச் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தான். மேஸ்திரிக்கு ஏற்றது என்று கறுப்புக் குடை ஒன்றும் வாங்கினான். முக்காலியில் உட்காரப்போகிறவனுக்குக் குடை எதற்கு என்று மலிகா கேட்டாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றான்.

ஸ்லைடு என்பது லேத்தில் உளியைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் வழுக்கி ஓடுகிற இரும்பு. தன் தட்டையே அளவாக வைத்து எத்திராஜைவிட்டு அதைச் சுரண்டச் செய்தான். மாட்டி ஓட்டினால், பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போனது, மீதி தூரம் சண்டி மாடாக நின்றது. இறுக்கினால் நகரவில்லை, தளர்த்தினால் ஆடியது. சாயபு முகம் சுளித்தார்.

"ரெண்டு பேர்ல எவனோ கோளாறு பண்ணிக்கீறான். வெள்ளிக்கெயம தொயுகை முடிஞ்சு வரேன். எவன் தப்புன்னு காட்டணும். அவன் துருத் தட்டப் போவட்டும்."

பொன்னுரங்கத்துக்குச் சாரக் கயிறும் செம்மண் சளியும் கண்முன்னே வந்தன. சாயபுவின் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினான்.

"மொதலாளி, என் பொஞ்சாதி தம்பிதான். நான் சொல்லக் கூடாது. ஆனா ஸ்லைடச் சொரண்டுனது அவன் கையி. அவனுக்குக் கையி ஆவாது. நாயம்னு ஒண்ணு கீது பாருங்க."

கதவுக்கு இந்தப் பக்கம் எத்திராஜ் புளூ டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தபோது உப்புத் தொட்டியின் மேலே அம்மிக் குழவி உட்கார்ந்திருந்தது.

"தட்டு எங்கடி?"

"எத்திராஜி வந்தான். எட்த்துகினு பூட்டான்."

"நீ எதுக்குக் குட்த்தே?"

"என் தம்பி கேட்டான், குட்த்தேன். உங்கப்பன் வூட்டு சீதனமா அது? அவனத் துருத் தட்ட அனுப்ச்சுட்டு நீ குடை புடிச்சுக்கினு ஒக்காரப் போறியாமே?"

பொன்னுரங்கம் சோற்றுக்கு உட்கார்ந்தான். திருட்டுத் தட்டு வீட்டைவிட்டுப் போனதும் நல்லதுதான் என்று தோன்றியது. இனிமேல் மாட்டினால் மச்சான் மாட்டுவான். இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டான்.

எத்திராஜ் தட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவையும் உப்பையும் கழுவினான். பட்டறையில் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் போகிற நேரமெல்லாம் குனிந்து குனிந்து சுரண்டினான். தன் தட்டில் புளூ பூசி, அதற்குப் பொருந்துகிற மாதிரி இதைச் செய்தான். பொன்னுரங்கம் பார்த்தும் பார்க்காத மாதிரி முக்காலியில் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தான். மச்சான் புதுசாக ஒரு தட்டைக் கெடுக்கிறான், கெடுக்கட்டும் என்று இருந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, அத்தர் மணக்கச் சாயபு வந்தார். எத்திராஜ் மேஜை மேலே மூன்று தட்டையும் வரிசையாக வைத்திருந்தான்.

"இது மாமா தட்டு மொதலாளி. இது என்து. ரெண்டும் ஒட்டிக்கும், நீங்களே பாத்தீங்க. இது மூணாவது. இத்த என் தட்டுக்குச் சரியா சொரண்டிக்கீறேன். பாருங்க, ஒட்டிகினுச்சா?"

"ஆமா."

"என்துக்கு ரெண்டும் ஒட்டுச்சுன்னா, அதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும் இல்ல?"

"அது சரிதானே."

எத்திராஜ் மாமாவின் தட்டைத் தூக்கி மூன்றாவதன் மேலே கவிழ்த்தான். ஒரு முனையைச் சுண்டு விரலால் தட்டினான்.

அத்தனை கனத் தட்டு பம்பரம் மாதிரி சுற்றியது. நிற்கவே இல்லை. நடுவில் தொப்பை போட்ட இரண்டு ஆள் வயிற்றோடு வயிறு முட்டிக்கொண்டு ஆடுகிற மாதிரி ஆடியது. எடை மட்டும் தெரிந்த சாயபுவுக்கும் அது புரிந்தது. வேலைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எவனோ விசிலடித்தான்.

"மாமாது மேடு. அதுக்குப் பணிஞ்சு பணிஞ்சு என்து குயியாப் பூட்ச்சு. குயிக்கு ஒட்டுன இதுவும் மேடாப் பூட்ச்சு," என்றான் எத்திராஜ். "ரெண்டே வெச்சிகினு பாத்தா ரெண்டும் நல்லாதான் கீற மாரி தெரியும். தொரை மூணு கேட்டது அதுக்குத்தான்."

பொன்னுரங்கம் பாய்ந்து முன்னால் வந்தான். "மொதலாளி, இத்தப் போயி நம்பாதீங்க! தப்பு மூணாவது தட்டுல. கருவாட்டு உப்புல மாசக்கணக்கா ஊறிகினு கெடந்த தட்டு, அது எப்டி ஒயுங்கா இர்க்கும்?"

சாயபு குனிந்து தட்டை முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாசனைதான் வந்தது. நிமிர்ந்தார்.

"எந்தக் கருவாடு?"

பொன்னுரங்கம் வாயை மூடினான். மூடி என்ன செய்ய?

"தொரை எட்த்துகினு பூட்டாருன்னு சொன்னியே, அந்தத் தட்டா இது? பாவம் அந்த மன்ஷன். கடலத் தாண்டிப் போனவர நான் வூட்ல ஒக்காந்து திருடன்னு திட்டிகினு கீறேன்." சாயபு எத்திராஜ் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி நீதான். உங்க மாமன நீயே பாத்துக்க. துருத் தட்ட அனுப்பறதுன்னா அனுப்பு."

பொன்னுரங்கம் குடையைக் கையில் எடுத்துக்கொண்டான். முதல் தடவையாகச் சாரத்தை நினைத்து ஆறுதலாக இருந்தது. அங்கே போய்விட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கப்பலுக்கு வாய் கிடையாது.

"மாமா இங்கியே இருக்கட்டும் மொதலாளி," என்றான் எத்திராஜ். "மூணு தட்டையும் திரும்பச் சொரண்டணும். அக்கா புருசன வெயில்ல அனுப்பக் கூடாது. அக்கா இன்னா நெனைக்கும்?"

குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் பொன்னுரங்கம் நாலு வார்த்தை கெட்டதாகப் பேசிவிட்டு நடையைக் கட்டியிருப்பான். அதற்கும் வழி இல்லாமல் போனது.

மறுநாள் காலையில் எத்திராஜ் முக்காலியைத் துடைத்து மாமாவுக்குப் போட்டான். தான் நின்றுகொண்டான். மூன்றாவது தட்டில் புளூ பூசி, மாமாவின் தட்டை அதில் தேய்த்துத் திருப்பினான். பிறைக் கீறல்களுக்கு நடுவில், சரியாக மத்தியில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம். முக்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டவில்லை. பொன்னுரங்கம் எழுந்து, இடுப்பை வளைத்து, மேஜை மேலே கவிழ்ந்து சுரண்டினான். தேய்த்தார்கள். மறுபடி நீலம். மறுபடி சுரண்டினான். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, முதுகில் மட்டும் காற்றுப் பட்டது.

மத்தியானம் எத்திராஜ் வாசலில் நின்று பீடி பற்றவைத்தான். பொன்னுரங்கம் தலையைத் தூக்கினான். உடனே அவன் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இன்னொரு கையால் தட்டைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க ஒண்ணு கீது பாருங்க, மாமா."