லோகப்பிரியாவின் கன்றுக்குட்டி

மெழுகுக் கன்றின் இடது காது மறுபடியும் மடங்கியிருந்தது. பூவாத்தாள் அதை ஈரத்துணியில் ஏந்திக்கொண்டு கணவன் கதிர்வேலிடம் வந்தாள்.

"ஏனுங்க, இந்தச் சித்திரை வெய்யிலுக்கு இது தாங்காதுங்க."

கோட்டைமேட்டில் பித்தளை விளக்கு வார்க்கும் அப்துல் வஹீது கொடுத்த மெழுகில் மகள் லோகப்பிரியா செய்தது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகத்தை அழுத்தியிருந்தாள். போன ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஏழு வயசு. போட்டோ இருக்கிறது, சரிதான். அவள் கை பட்டது பட்டபடி நிற்பது இது ஒன்றுதான்.

கதிர்வேல் வஹீதிடம் போனான். பீளமேட்டு ஃபவுண்டரியில் பம்ப்செட்டுக்கு இரும்பு வார்ப்பவன். அவனுக்குப் பித்தளை என்ன கம்பசூத்திரமா?

"மெழுகு மேல மண்ணப் பூசிச் சுடோணுங்க. மெழுகு உருகி ஓடீரும், அந்த எடத்துல பித்தளை. தப்பிப்போச்சுன்னா ரெண்டும் இல்ல. மொதல்ல ஒரு மாங்கா ஊத்திப் பழகுங்க," என்றார் வஹீது.

அவர் பக்கத்தில் நிற்க வார்த்த மாங்காய் காம்போடு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பூவாத்தாள் கன்றைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வஹீதின் பட்டறையில் கன்றின் மண்கூட்டைச் சுட்டு மெழுகை ஓடவிட்டார்கள். தொழுகைக்குக் கிளம்பும்போது வஹீது, "கூடு ஆறறதுக்குள்ள ஊத்தீருங்க," என்றார். கதிர்வேல் தலையாட்டினான். ஆனால் கை பழகின வழியில்தான் போயிற்று. சுட்ட மண்கூட்டை ஃபவுண்டரியில் செய்வதுபோல ஈரமணலில் புதைத்தான், சுற்றிலும் இடித்து இறுக்கினான், மட்டம் பார்த்தான். மகளுடைய கன்றாயிற்றே, இம்மிகூட அசையக் கூடாது. அத்தனை பொறுப்பாகச் செய்தான், பாவி மனுஷன். பிறகுதான் ஊற்றினான்.

வஹீது திரும்பிவந்து மணலைப் பார்த்தார்.

"ஊத்தறப்போ கூடு எப்படிங்க இருந்துச்சு?"

"தொட்டுப் பாத்தேனுங்க. கை தாங்குச்சு."

வஹீது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பூவாத்தாளும் வந்தபிறகு கூட்டை உடைத்தார்கள். உடம்பு வந்திருந்தது. மடங்கின காதுகூட வந்திருந்தது. கால்கள் நான்கும் இல்லை. ஆறிப்போன கூட்டில், மெல்லிசான இடத்துக்குள் போவதற்குள் பித்தளை உறைந்துவிட்டது.

"என்ற கையாலயே அழிச்சுபோட்டனே!" கதிர்வேல் தலையில் அடித்துக்கொண்டான்.

"காலு வேற ஊத்தி ஒட்டிக் குடுத்தர்றேன், அம்மணி," என்றார் வஹீது.

"வேண்டாங்கண்ணா. அவ செய்யாத காலு எதுக்குங்க? கன்னு படுத்திருக்கட்டும்."

பூவாத்தாள் முந்தானையால் கரியைத் துடைத்தாள். கண்கள் தெரிந்தன. தன் சுண்டுவிரல் நகத்தை ஒரு கண்ணின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. விரலைத் திருப்பி மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.