ஏழாவது டேக்கில் எழுந்தவள்

சாகும் காட்சி வந்தால் சின்னவள் உண்மையாகவே செத்துப்போவாள். மூச்சு நிற்கும், நாடி நிற்கும், உள்ளங்கால் சில்லிட்டுவிடும். திரை விழுந்து நான்கு நிமிடம் கழித்து எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைதட்டலுக்குத் தலை வணங்கப் போவாள். நாடகக் கம்பெனிக்காரர்கள் முதல் மாதம் ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். அவர் மூன்று முறை இறப்பையும் மூன்று முறை பிழைப்பையும் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலாவது முறை தன் மனைவிக்கும் சேர்த்து பால்கனி டிக்கெட் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உடைகளுக்குப் பொறுப்பு, கூடப் பிறந்த பெரியவள். ஊசியும் நூலுமாகத் திரைக்குப் பின்னால் நின்று ஒன்பது வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் சாவுகளைப் பார்த்தவள். சிவப்புச் சாயம் காய்வதற்குள் உடையை எப்படிக் கழற்றுவது என்பதுதான் அவள் கவலை.

சினிமா வந்ததும்தான் வினை வந்தது. மேடையில் நாளைக்கு ஒரு சாவு. படப்பிடிப்பிலோ வெளிச்சம் போதவில்லை, பூனை உள்ளே வந்துவிட்டது, அழவேண்டிய கதாநாயகன் தும்மிவிட்டான் என்று ஒரே மதியத்தில் ஏழு முறை சாகவைத்தார்கள். ஏழாவது தடவை எழுந்தவள் இடது கையால் தண்ணீர் டம்ளரை வாங்கினாள். சின்னவளுக்கு எதற்கும் வலது கைதான் வரும்.

அன்றிலிருந்து பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வந்தவள் காப்பிக்குச் சர்க்கரை கேட்டாள். சின்னவள் கேட்டதே இல்லை. சின்னவள் ஒருநாளும் படுக்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். வசனம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. சின்ன வயதில் மொட்டைமாடித் தொட்டிக்குள் எதை ஒளித்து வைத்தோம் என்று பெரியவள் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். "அப்பாவோட மூக்குக் கண்ணாடி" என்று பதில் டக்கென்று வந்தது. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. சின்னவள் எதையும் அவ்வளவு சுருக்காகச் சொல்கிறவள் அல்ல.

படம் வெளியானதும் பெரியவள் பதினொரு நாள் விடாமல் மதியக் காட்சிக்குப் போனாள். படத்தில் சேர்த்திருந்தது மூன்றாவது டேக். காலரில் அந்த ஒரு முறைக்காகத் தான் அவசரத்துக்குப் போட்ட தையலை வைத்துக் கண்டுபிடித்தாள். திரையில் செத்தவள் வலது கையை நெஞ்சில் வைத்துச் செத்தாள். நம்மவளை இங்கேயே விட்டுவிட்டு யாரையோ வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டோம் என்று தோன்றியது. பன்னிரண்டாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அன்று ஒப்பனை அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு நேராகவே கேட்டாள்.

"நீ யாரு?"

கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தவள் கையை இறக்கினாள். "தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"கண்ணு முழிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல்ல உன் முகம்தான் தெரியும். 'எந்திரிடி, நேரமாச்சு'ம்ப. சரி, இவதான் நம்ம அக்கா போலிருக்குன்னு எந்திரிச்சிடுவேன். வசனமும் பழைய கதையும் அப்புறம்தான் ஒண்ணொண்ணா வரும்."

"மேடையிலயும் இப்படித்தானா?"

"முதல் நாள்லேருந்தே."

பெரியவள் துணிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அறுநூற்றுச் சொச்சம் பேருக்குத் தலை வாரிவிட்டிருக்கிறோம் என்பது மெல்ல உறைத்தது. ஒருத்திகூடக் குறை சொன்னதில்லை. அவள் உடையின் இடுப்பைப் பார்த்து, "இடுப்புல பிடிக்குதா?" என்றாள்.

"லேசா."

எழுந்துபோய்த் தையலைப் பிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சின்னவள் பதினான்கு படங்களிலும் நாடகங்களிலுமாகச் செத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, கண் திறந்தவளிடம் இன்னார் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, செருப்பு அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் நன்றாகப் பாட வந்தது. அவள் பதினேழு நாள்தான் இருந்தாள், அடுத்த படத்தில் விஷம் குடிக்கும் காட்சி இருந்ததால். பெரியவளுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.