குறுக்குப் பாதைக்கு வந்த கோர்ட்

"வாற வியாழக்கிழமை நீதவான் அங்க வாறாரு. பாதையை நேரில பார்க்கணுமாம்" என்று வழக்கைப் பேசும் றஷீதா மிஸ் போனில் சொன்னபோது, புவனேந்திரன் பதுளையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு மிஸ் வர்றது?"

"நீதவான்."

"எங்க?"

"உங்க லயத்துக்குத்தான்."

மண்வெட்டியைக் கலவையில் குத்திவிட்டு அவன் அப்படியே நின்றான். மடுல்சீமைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேற்கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு அம்புலன்ஸ் வராது. தபால்காரர்கூடக் கடிதங்களைக் கடையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அந்த இடத்துக்கு, அவன் மனைவி நடக்கும் ஒரு பாதையைப் பார்க்க, கோர்ட் வருகிறது.

லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று மலையைச் சுற்றி வரும் கொழுந்து லொறி ரோடு. மழை பிடித்தால் ட்ராக்டரும் புதைந்துவிடும். மற்றது பழைய துரை பங்களாவின் ஓரமாக இறங்கும் குறுக்கு. பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக்கினார். குறுக்கின் அடியில் இரும்பு கேட் போட்டுப் பூட்டினார். அங்கே ஒருநாளும் பாதை இருந்ததே இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஜெயந்தினிக்கு இது எட்டாம் மாதம். மூத்தவள் பிறந்தபோது அவளை நாற்காலியில் வைத்து அந்தக் குறுக்கால்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

"இந்தத் தடவை லொறி ரோட்டுல சுத்திப் போனா நான் போய்ச் சேர்ந்திருவேன். ஆஸ்பத்திரிக்கு இல்லைங்க" என்று ஜெயந்தினி சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புதான் அவனைப் பதுளைக் கோர்ட் பக்கம் துரத்தியது.

முதலில் ஒரு லோயரிடம் போய், அவர் கேட்ட கட்டணத்தைக் கேட்டுவிட்டு, எதிரே இருந்த நப்ரீஸின் தேத்தண்ணிக் கடையில் வந்து உட்கார்ந்தான். நப்ரீஸ் அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டான்.

"அண்ணன், அந்தக் கட்டடத்து மாடில சட்ட உதவி ஒபிஸ் இருக்கு. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குச் சும்மாவே கேஸ் பேசுவாங்க."

"சும்மாவா?"

"தேத்தண்ணிதான் இங்க சும்மா இல்ல. குடிச்சிட்டுப் போங்க."

மாடியில் றஷீதா மிஸ் அவனை உட்காரச் சொன்னார். வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு பாதையைப் பற்றிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். புவனேந்திரனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது.

"மிஸ், நீங்க எந்தக் கட்சிங்க?"

"என்ன கட்சி?"

"இல்லீங்க, சும்மா செய்றீங்களே. எங்க வீட்டுல நாலு வோட்டு இருக்கு. இப்பவே தெரிஞ்சிக்கிட்டா நல்லது."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "வோட்டை நீங்களே வச்சிக்கோங்க. அந்தக் குறுக்கு எங்க தொடங்குது, அதைச் சொல்லுங்க."

தோட்டத்துக்குச் சும்மா வந்த கூரைத் தகரத்துக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் ஒவ்வொரு கட்சியின் நிறம் உண்டு. இதற்கு ஒரு நிறமும் இல்லை. அதை அவன் மடுல்சீமை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

றஷீதா மிஸ் வழக்கைப் போட்டார். இப்போது நீதவானே வருகிறார். லயம் கூடியது. தோட்டத் தலைவர் அழகர் இடுப்பில் கைவைத்துக் குறுக்கைப் பார்த்தார்.

"டேய் தம்பி, அவ்வளவு பெரிய மனுசன் வர்றப்ப பாதை இந்த லெட்சணத்துலயா கெடக்கும்? பெரிய துரை வந்தா என்னென்ன செய்வோம்?"

என்ன செய்வார்கள் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கூட்டி, புல் செதுக்கி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். புவனேந்திரனுக்குக் கை துறுதுறுத்தது. அவன் மேசன் ஆயிற்றே. சாக்குச் சாக்காய்ச் செம்மண் சுமக்கவைத்து, குழி விழுந்த படிகளையெல்லாம் நிரப்பி, பலகையால் அடித்துச் சமன் செய்தான். இரண்டு பக்கமும் வெள்ளைக் கல் வரிசை. புதன்கிழமை பொழுது சாயும்போது குறுக்கு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை நீதவானின் ஜீப் லொறி ரோட்டில் புதைந்தது. மிச்சத் தூரத்தை அவர் நடந்தே வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளர், ஒரு பொலிஸ்காரர், வெள்ளைச் சேலைமேல் கறுப்புக் கோட்டோடு றஷீதா மிஸ், மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி, ஹோட்டல் மனேஜர். அழகர் மாலையோடு முன்னால் போனார். நீதவான் வேண்டாம் என்று கையசைத்தார்.

றஷீதா மிஸ் பாதையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதை யாரு செஞ்சது?"

"நாங்கதாங்க மிஸ். முழு லயமும்" என்றான் புவனேந்திரன் பெருமையாக.

மற்றச் சட்டத்தரணி புன்னகையோடு சிங்களத்தில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதை லயத்துக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "கனம் நீதவான் அவர்களே, பாதை இருக்கிறது, உண்மை. ஆனால் இது இந்தக் கிழமை போட்ட பாதை. மண்கூட இன்னும் காயவில்லை."

புவனேந்திரன் திரும்பிப் பார்த்தான். லயத்து வாசலில் ஜெயந்தினி ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவள் இப்போது சிரிக்கவில்லை.

"பழைய தடத்தைத்தான் அவருக்குக் காட்ட இருந்தேன்" என்றார் றஷீதா மிஸ் தணிந்த குரலில். "ஒன்றையும் தொடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும்."

நீதவான் இறங்க ஆரம்பித்தார். ஈரச் செம்மண் வழுக்கும் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான்காவது அடியில் அவருடைய கால் சர்ரென்று போனது. பொலிஸ்காரர் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். அழகர் கண்ணை மூடிவிட்டார்.

சப்பாத்து இழுத்த இடத்தில் மண் விலகி, சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தது.

"கனம் நீதவான் அவர்களே, ஒரு நிமிடம்" என்றார் றஷீதா மிஸ். பிறகு அந்தச் சேற்றில் மண்டியிட்டார்.

கறுப்புக் கோட் ஒன்று மண்ணைத் தொட்டதைப் புவனேந்திரன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் இரண்டு கையாலும் செம்மண்ணை வழித்துத் தள்ளினார். கீழே கருங்கல் படி. நடுவில், பல தலைமுறை அரைத்த அம்மிபோலக் குழிந்து, வழுவழுவென்று. அவன் குதித்து அடுத்த படியில் விழுந்து வழிக்கத் தொடங்கினான். அழகர் மாலையைத் தேயிலைச் செடியில் மாட்டிவிட்டு அடுத்த படிக்குப் போனார். கொழுந்துக்காரப் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்தார்கள். யாரும் யாரையும் ஏவவில்லை. முதல் நாள் மூடியதை மொத்த லயமும் கையால் திறந்தது. படிக்குப் படி அதே குழி, கீழே கேட் வரைக்கும்.

நீதவான் ஒரு குழியில் தன் சப்பாத்தை வைத்துப் பார்த்தார். அளந்து செய்ததுபோல அது பொருந்தி உட்கார்ந்தது. அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"இது எப்போது தேய்ந்தது?"

"எங்க அப்பா பொறந்தப்பவே இப்பிடித்தாங்களாம் ஐயா" என்றார் அழகர்.

நீதவான் மற்றச் சட்டத்தரணி பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் தமிழில் சொன்னார்: "இந்தக் கல்லும் இந்தக் கிழமைதான் தேய்ந்ததா?"

லயம் சிரித்தது. சட்டத்தரணியும் வேறு வழியில்லாமல் லேசாகச் சிரித்தார்.

கேட்டின் முன்னால் நீதவான் நின்று காலுறையைத் தட்டினார். அதில் ஒரு அட்டை கடித்து ஒட்டியிருந்தது. "அட்டை ஆள் பாத்துக் கடிக்காதுங்க ஐயா" என்று புவனேந்திரன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அதையும் மொழிபெயர்த்தார்கள். நீதவான் தலையை ஆட்டினார். பிறகு, "திறவுங்கள். இந்தப் பாதை எங்கே முடிகிறது என்று நான் பார்க்க வேண்டும்" என்றார்.

மனேஜருக்குச் சாவி கிடைக்க நேரம் எடுத்தது. கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. நீதவான் தார் ரோட்டில் நின்று, மேலே லயத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டளை வரும்வரை இந்தக் கேட்டைப் பூட்டக்கூடாது, நாளைக்கு மன்றில் அதைப் பதிவு செய்வேன் என்றார்.

எல்லோரும் போன பிறகு றஷீதா மிஸ் ரோட்டோரப் பீலியில் விழும் மலைத் தண்ணீரில் கை கழுவினார். சேலையின் முழங்காலில் இரண்டு செம்மண் வட்டங்கள். புவனேந்திரன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கேஸ் இன்னும் முடியல" என்றார் அவர். "இனி எதையும் வெள்ளையடிக்க வேணாம். விளங்குதா?"

"சத்தியமா மிஸ்."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஜெயந்தினி மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் பாதத்தைப் பதித்துப் பதித்து இறங்கி வந்தாள். கேட்டைத் தாண்டினாள். தார் ரோட்டில் நின்று மூச்சு வாங்கினாள்.

"என்ன, வலியா?" என்று பதறினான் அவன்.

"இல்லைங்க. வலி வந்தா எறங்கி வர எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாத்தேன்."

"எவ்வளவு?"

"காணும்" என்றாள் அவள், வயிற்றில் கையை வைத்து. "தாராளமாக் காணும்."