வாஷிங் மெஷின் கதவை என்ன செய்வது?

1.

இந்தக் கதை ஒரு துண்டில் தொடங்கியது. பெரிய விஷயங்களிலிருந்துதான் கதை பிறக்கும் என்று நம்புகிறவர்கள் மன்னிக்கவும். தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். முகம் கழுவிவிட்டுக் கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். துவைத்துக் காய்ந்த துண்டுதான், ஆனால் நாறியது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது. முகத்தை மறுபடி கழுவி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்னண்ணா, முகமெல்லாம் ஈரம்? துண்டு அங்கதான இருக்கு?" என்றாள் தங்கை.

"பார்க்கலம்மா" என்றேன்.

இந்தப் பொய்யோடு கதையை ஆரம்பிக்க நினைத்தேன். எழுதிய முதல் வரி இது: "அவள் வீட்டுத் துணிகளிலெல்லாம் ஒரு"

ஒரு என்ன? அங்கேயே நின்றுவிட்டது. 'துக்கம்' என்று எழுதக் கை பரபரத்தது. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. நாற்றத்தை நாற்றம் என்று சொல்லாமல் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் இலக்கியம் ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. வரியை அப்படியே விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

2.

வேறொரு தொடக்கம். "வாஷிங் மெஷினில் நாற்றம் வருவதற்குக் காரணங்கள் பல."

இது பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் வீட்டுக்குறிப்பு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை, கதையே இதற்குள்தான் இருக்கிறது. தங்கை வீட்டு மெஷின் முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது. கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதன் மடிப்பில் தண்ணீர் தங்கும். சோப்புத்தூளை அள்ளிப் போட்டால் கரையாமல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வளையத்தைத் துடைத்து, கீழே இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, துணி போடாமல் சுடுதண்ணீரும் வினிகருமாக ஒருமுறை ஓட்டினால் வாடை போய்விடும். மறுபடி வராமல் இருக்கவும் வழி உண்டு. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே போட வேண்டும், உள்ளே காற்றுப் பட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

தங்கை வீட்டில் அது மட்டும் முடியவில்லை.

3.

மாப்பிள்ளையை, அதாவது தங்கையின் கணவரை, எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவர் அதிகம் பேசமாட்டார். பேசாத ஆளைக் கதையில் வைத்தால் அவருக்கும் சேர்த்து நான் பேச வேண்டியதாகிவிடும். முதல் படியில் அவரைக் கோபக்காரர் ஆக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை, கடன் வாங்கிப் போட்ட சட்டை மாதிரி தொங்கியது.

அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வாங்க வருகிறவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, காதுக்குப் பின்னால் கம்பி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலாளி நல்ல மனிதர், அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சட்டைய கொஞ்சம் நல்ல வெயில்ல காயப்போடச் சொல்லுங்க" என்றாராம்.

இதை மாப்பிள்ளை என்னிடம் சொன்னபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. "காரணம் எனக்குத் தெரியும் மச்சான். காலையில நான் கதவைத் திறந்து வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் வந்தா மூடியிருக்கு."

"தங்கச்சிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்களேன்."

நான் மட்டும் எப்படிச் சொல்வது? ஏன் சொல்ல முடியாது என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் சுண்டெலியைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். அதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

4.

சுண்டெலி அவர்களுடைய ஒரே மகள். பட்டப்பேர் வைத்தது மாமனாகிய நான். வீட்டில் எங்கே இடுக்கு இருந்தாலும் நுழைந்துவிடுவாள். ஒருநாள் கண்ணாமூச்சி விளையாடும்போது ஆளைக் காணவில்லை. கட்டிலடி, பீரோவுக்குப் பின்னால், மாடிப்படி, தெரு என்று எல்லாரும் அலைந்தோம். கடைசியில் மாப்பிள்ளை கண்டுபிடித்தார். மெஷினுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. அது மட்டும் முழுசாகச் சாத்தியிருந்தால்

(இந்த வாக்கியத்தை அந்த வீட்டில் யாரும் முடித்ததில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

அன்றைக்குத் தங்கை ஒரு சட்டம் போட்டாள். கடைசித் துணியை எடுக்கிறவர் குனிந்து உள்ளே பார்த்து, "சுண்டெலி, உள்ள இருக்கியா?" என்று கேட்க வேண்டும். அப்புறம் 'டக்' என்று சத்தம் கேட்கும்படி கதவைச் சாத்த வேண்டும். சுண்டெலிக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. எந்த அறையில் இருந்தாலும், "நான் உள்ள இல்ல" என்று கத்துவாள். விருந்தாளியாகப் போன நானும் கேட்டிருக்கிறேன். சாத்த மறந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். "மாமா, நீ டக் பண்ணல."

அவள் போனது மெஷினால் இல்லை, காய்ச்சலால். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டேன். டாக்டர் நல்லவர், நர்ஸ் நல்லவர், எல்லாரும் நல்லவர்கள். பிள்ளை மட்டும் வீட்டுக்கு வரவில்லை. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. தங்கை இன்னும் துணியை எடுக்கிறாள், குனிகிறாள், டக் என்று சாத்துகிறாள். கேள்வியை வாய்விட்டுக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியாது. உள்ளே ஈரம் அப்படியே கிடந்து கெடுகிறது.

5.

மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னால் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லட்டும் என்று மெக்கானிக்கை வரவழைத்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

மெக்கானிக் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வளையத்தைப் பிரித்துத் துடைத்தார். துணி கறுத்துப்போனது. ஃபில்டரைக் கழற்றினார்.*

*இங்கே ஃபில்டருக்குள் ஒரு சின்னப் பிள்ளையின் ஹேர் கிளிப் கிடைத்ததாக எழுதியிருந்தேன். மஞ்சள் நிறம் என்றுகூட எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. உண்மையில் கிடைத்தது ஒரு சட்டைப் பட்டனும் கொஞ்சம் சேறும்.

"சோப்புத்தூளை அள்ளிக் கொட்டாதீங்கம்மா. துணி வெளுக்காது, உள்ளதான் ஒட்டிக்கும்" என்றார் மெக்கானிக். வினிகர் ஊற்றிச் சுடுதண்ணீரில் ஓட்டிக் காட்டினார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை எதிர்பார்த்திருந்ததைச் சரியாகச் சொன்னார். "வாடை திரும்ப வரக் கூடாதுன்னா, இனிமே கதவைச் சாத்தாதீங்க. திறந்தே கிடக்கட்டும்."

மாப்பிள்ளை மூச்சு விட்டார். அப்போது மெக்கானிக்குக்குக் கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான் போலிருக்கிறது.

"வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, காகிதங்களை மேஜைக்குள் போட்டுவிட்டேன். யாரைப் பதில் சொல்ல வைப்பது? மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெக்கானிக்கின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பதில்கள் எல்லாமே கதையில் வரும் பதில்களாக இருந்தன. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.)

"இருக்கா" என்றாள் தங்கை.

"என்ன வயசும்மா?"

"நாலு."

"அப்போ நான் சொன்னதை விட்ருங்க. சின்னதுங்க உள்ள போய் உட்கார்ந்துக்கும், ஆபத்து. துடைச்சிட்டு மூடியே வையுங்க. கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும், என்ன பண்றது. பிள்ளை வளர்ந்ததும் திறந்து வச்சுக்கலாம்."

"சரிங்க" என்றாள் தங்கை.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிறபோது டக் என்று அவரே கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

6.

கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். ஒருநாள் காலையில் அவள் துணியை எடுத்துவிட்டு, கதவை அப்படியே விட்டுவிட்டு நகர்கிறாள். ஜன்னல் வெயில் மெஷினுக்குள் விழுகிறது. விருந்துக்கு வந்த அண்ணன் முகம் துடைக்கிறான். துண்டில் எந்த வாடையும் இல்லை.

அவளுக்குத் தெரியாமல் கதையை வெளியே விட மனசு வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். 'பார்க்கலம்மா' என்ற இடத்தில் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசிவரை படித்துவிட்டுக் காகிதங்களை மடித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்தக் கதவை இவ்ளோ சுலபமா திறந்துட்டியே அண்ணா. திறந்தா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"கதைக்கு ஒரு முடிவு வேணும்ல."

"கதைதானே. கதையிலயாவது அவ இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு அதுல என்ன குறைஞ்சிடும்?"

"அவ இருந்தா கதவைச் சாத்தணும். மெஷின் நாறும்."

"நாறட்டும்" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலைப்பிலும் அந்த வாடை இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது முடிவை எழுதினேன். அதில் மெக்கானிக் சொன்னபடி கதவு மூடியே இருக்கிறது. குடும்பமே நாறுகிறது. மாமன் சட்டை நுனியால் முகம் துடைக்கிறான். சுண்டெலிக்கு முன்பல் விழுந்து, "நான் உள்ள இல்ல" என்று சொல்லும்போது காற்றுப் போகிறது. எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் வெகு நேரம் எழுத முடியவில்லை.

அதை மாப்பிள்ளையிடம் கடையிலேயே கொடுத்தேன். கண்ணாடி துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார்.

"இதை வைக்காதீங்க மச்சான். முதல்ல ஒண்ணு எழுதினீங்களாமே, அதையே வச்சிடுங்க."

"தங்கச்சிக்கு இதுதான் பிடிக்கும் மாப்பிள்ளை."

"எனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு. அதனாலதான் வேணாங்கறேன்." துணியை மடித்து வைத்தார். "அவ கதவைச் சாத்துறப்பல்லாம் பக்கத்து ரூம்லருந்து பதில் வரும்னு என் காது போகுது. தினமும் போகுது. வாடையக்கூடப் பொறுத்துக்கலாம், அந்தச் சத்தம் கேட்டதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காம இருக்கு பாருங்க, அதை என்னால தாங்க முடியல."

நான் அறிந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

7.

ஆக, என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றை வைத்தால் தங்கை அழுவாள், இன்னொன்றை வைத்தால் மாப்பிள்ளை அழுவார். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

நேற்று அவர்கள் வீட்டில் இருந்தேன். மெஷின் ஓடி முடிந்தது. தங்கை எழுந்திருக்கப் போனாள். "நீ உட்காரும்மா, நான் எடுத்துப் போடறேன்" என்று முந்திக்கொண்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. துணிகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டேன். கடைசியில் அந்தத் துண்டு வந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

பழக்கம் விடவில்லை, குனிந்தேன். உள்ளே ஈரமும் இருட்டும்தான். "சுண்டெலி, உள்ள இருக்கியா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், ஆனால் உள்ளே பட்டுக் குரல் பெரிதாகத் திரும்பி வந்தது. பக்கத்து அறையில் அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டது.

இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். டக் என்று கேட்க வேண்டும் என்று ஒருவர், கேட்கவே கூடாது என்று ஒருவர். என் கை கதவின்மேல் இருக்கிறது. என்னால் கையை எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். கொஞ்சம் இப்படி வந்து இந்தக் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.