மூன்றாவது கால்

அக்கா வீட்டில் துணி துவைக்கும் மெஷின் இருந்த அறைக்குள் செருப்பில்லாமல் யாரும் நுழைவதில்லை. வாசலில் மூன்று ஜோடி ரப்பர் செருப்புகள் கிடந்தன: மாமாவுடையது, அக்காவுடையது, இரண்டு விரல் நீளத்தில் புத்தம் புதிதாக இன்னொன்று. பதினோரு மாதப் பாப்பா நேற்றுதான் கையில் அகப்பட்டதைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். அடுத்து மெஷினைத்தான் பிடிப்பாள் என்று பெற்றோர் முன்யோசனையோடு வாங்கிவைத்தது.

"ஷாக் அடிக்கிற மெஷினுக்கு செருப்புதான் வைத்தியமா?" என்றாள் தங்கை. எலக்ட்ரீஷியன் உரிமம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் அவளுக்கு வயர்காரி என்று பெயர்.

"லேசா சுள்ளுங்கும்டீ. பழகிடும்."

பாப்பா தன் செருப்பில் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வயர்காரி டெஸ்டரை மெஷின்மேல் வைத்தாள். கரண்ட் இருந்தால் காட்டிக்கொடுக்கும் அதன் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"டெஸ்டர் ரிப்பேர்," என்றார் மாமா. அவர் பேருந்து ஓட்டுநர். வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் விளக்கைக் கழற்றிவிடும் கட்சி.

அவள் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவினாள். "மூணாவது கால் எங்க மாமா?"

"வெட்டிட்டேன். இங்க இருக்கிறது ரெண்டு ஓட்டை. அந்தக் கால்ல கரண்டே வராதாமே? தண்டச்சோறு."

"வழி தவறி மெஷின் உடம்புக்கு வர்ற கரண்டை மண்ணுக்குக் கூட்டிட்டுப் போறதே அதுதான். அதான் நீளமா வச்சிருக்கான். போறப்ப முதல்ல போகும், வர்றப்ப கடைசியா வரும்."

"விருந்துக்கு உங்க பெரியப்பா மாதிரி."

அக்கா முறைத்தாள். மாமா விடவில்லை. "நாலு பேட்டரி போட்ட ரேடியோவை ஈரக்கையோட தொடுறேன். ஒண்ணும் ஆகல. கரண்ட்னா கரண்ட்தானே?"

"அது டிசி. ஒரே பக்கமா ஓடும். நாலு பேட்டரியில பலமும் கிடையாது. சுவத்துல வர்றது ஏசி. நொடிக்கு அம்பது தடவை முன்ன போயி பின்ன வரும்."

"அப்ப அது எங்கயும் போய்ச் சேராது."

"அது சேராது மாமா. நீங்க போய்ச் சேந்துடுவீங்க."

மாமா எட்டடி பின்னால் நின்று மேற்பார்வையைத் தொடர்ந்தார்.

மெயினை அணைத்துவிட்டு அவள் மண்ணுக்குப் போகும் எர்த் கம்பியை இழுத்தாள். மூன்று துளைப் பாயிண்டும் மூன்று கால் பிளக்கும் மாட்டினாள். கசிவு தெரிந்தால் தானே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றை மெயின் பெட்டியில் பொருத்தினாள். மெயினைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். டப். வீடு முழுக்க ஃபேன் நின்றது.

மாமா துள்ளினார். "பாத்தியா! நீ கை வச்சதும் கரண்ட் போச்சு. என் வயரிங்ல ஒரு நாளாவது போயிருக்கா?"

"போகாததுதான் மாமா பிரச்சினை."

சுவிட்சை விழவைத்த கசிவை இனித் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். பிளக்கை உருவி, மெஷினின் முதுகைத் திறந்தாள். மோட்டாருக்குப் போகும் வயர் தகர விளிம்பில் உரசி உரசித் தோலுரிந்து கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுப் புது வயர் மாட்டி, மூடி, பிளக்கைச் செருகி, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு, திரும்ப ஓடவிட்டாள். சுவிட்ச் விழவில்லை. டெஸ்டர் எரியவில்லை. புறங்கையால் தொட்டாள், பிறகு உள்ளங்கையால். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான்.

"இப்ப நீங்க தொடுங்க," என்றாள் அக்கா.

"உன் தங்கச்சி, உன் மெஷின். நீ தொடு."

"வெட்டினது யாரு?"

இந்த வழக்கு முடிவதற்குள் பாப்பா ஈரத்தரையில் வெறுங்காலோடு தவழ்ந்து வந்து, மெஷினை இரண்டு கையாலும் பிடித்து, தம் கட்டி எழுந்து நின்றுவிட்டாள். அக்கா பாதி தூரம் பாய்ந்து நின்றாள். வயர்காரி நகரவில்லை. அவள் மாட்டிய வயரிங், அவளுக்குத் தெரியும். பாப்பா தகரத்தைப் பட்பட்டென்று தட்டினாள், சத்தம் பிடித்துப்போய் இன்னும் நாலு தட்டுத் தட்டினாள்.

மாமா ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டை நோக்கி அதட்டலாகக் கேட்டார்:

"சார், உங்க வீட்டு பிளக்குக்கெல்லாம் எத்தனை கால்?"