முகாம் வாசலுக்கு வந்தவள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அக்கா. அவள் கணவர், அதாவது என் மாமா, அமைதிப்படையில் வேறொரு நாட்டுக்குப் போனவர். பணிக்காலம் முடியுமுன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிஸ்கட் பொட்டலம் கேட்டு முகாம் வாசலுக்கு வந்த ஒரு பெண்ணிடம், அதற்கு விலையாக அவள் உடம்பைக் கேட்டிருக்கிறார். வழக்கு இல்லை. விமான டிக்கெட்தான் தண்டனை.

"இல்லாததெல்லாம் எழுதுறியே. இந்த மனுஷன் ஏன் இப்படிப் பண்ணாருன்னு எழுதேன், பாப்போம்" என்றாள்.

2

முதல் தொடக்கம்: 'கூடாரத்தில் அவர் தனியாக இருந்தார். வீட்டிலிருந்து போன் வராத நாட்களில் அவர்—'

(இங்கேயே நின்றுவிட்டது. தோளுக்குப் பின்னாலிருந்து அக்கா படித்துவிட்டாள்.)

"தனிமையா? நானுந்தான் இங்க தனியாக் கெடந்தேன். யார் வயித்துல அடிச்சேன்?"

இப்போதும் அப்படித்தான் கிடக்கிறாள். அக்கம்பக்கத்தார் வருவதில்லை. ஒரே வீட்டில் அக்கா, மாமா, நான் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிடுகிறோம்.

3

அடுத்து, காரணங்களை அடுக்கினேன். ஊரே பசியில் கிடக்க, உணவுக் கிடங்குச் சாவி படையின் கையில். மேலதிகாரிக்கு விஷயம் தெரியும், ஆனால் படையின் பெயர் கெடக் கூடாது. அந்த நாட்டுச் சட்டம் இவர்களைத் தொடாது; சொந்த நாடு கண்டுகொள்ளாது. எல்லாம் சரி, கட்டுரைக்கு ஆகும். ஆனால் அதே முகாமில் இருந்த படைச் சமையல்காரர் அப்படிச் செய்யவில்லையே? [அவருக்கு இந்தக் கதையில் இடமே கிடைக்கவில்லை. நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரிவதில்லை.]

4

மாமா மாடியறையை விட்டு இறங்குவதில்லை. நான் போனபோது சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை எப்படி எழுதியிருக்கே?"

"பிடிபடல மாமா. நீங்களே சொல்லுங்க."

ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "மத்தவங்களும் பண்ணாங்க. யாரும் கேக்கல. கேக்க மாட்டாங்கன்னு தெரியும். அவ்வளவுதான்பா."

"அந்தம்மா பேரு?"

"கேட்டுக்கல."

சாப்பாட்டுத் தட்டோடு அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியும். விசாரணை பண்றவங்க போன்ல சொன்னாங்க. அவ இப்பதான் புகார் குடுத்திருக்காளாம்." பெயரைச் சொன்னாள். [அவளைக் கேட்காமல் அதை இங்கே எழுத மாட்டேன்.] "நடந்ததை நீங்க ஒத்துக்கணுமாம். பாத்துட்டு சும்மா இருந்த அதிகாரியையும் சொல்லணுமாம்."

"சொன்னா உள்ள தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும்."

5

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் என்று ஒரு முடிவு எழுதினேன். அழகாக இருந்தது, நம்ப முடியவில்லை. சொல்ல மறுக்கிறார் என்று இன்னொன்று. நம்ப முடிந்தது, எழுதக் கை கூசியது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

விசாரணை செய்பவர்களின் எண்ணை அக்கா போனில் அழுத்திவிட்டாள். மறுமுனையில் ஒரு பெண்குரல், "ஹலோ, சொல்லுங்க" என்கிறது. போனை மாமாவிடம் நீட்டியபடி அக்கா நிற்கிறாள். அவர் தலை குனிந்திருக்கிறது. நான் தம்பி, இந்த வீட்டில் எனக்கு வாய் எழாது. இதைப் படிக்கும் நீங்கள் வெளியாள். நீங்களாவது அவரைப் பேசச் சொல்லுங்கள்.